காக்கைச் சோறு ரயிலேறியது

பிள்ளைகளே, என் கூட்டாளி எப்படிச் செத்தான் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். ரயில் யார்டில் இரண்டு பெட்டிகளுக்குக் கொக்கி மாட்டும்போது நடுவில் அகப்பட்டுக்கொண்டான். நான் பக்கத்தில் நின்றேன். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. அவனுக்குப் படைத்த சோறு ரயிலேறிய கதையைச் சொல்கிறேன்.

கருமாதியன்று அவன் மனைவி, காக்கை சோறெடுத்தால்தான் தானும் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். அவன் போனதிலிருந்து கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இறங்காமல் எலும்பும் தோலுமாகியிருந்தாள். நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸிலோ அந்தக் காலத்தில் காக்கை கிடையாது. தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும் என்று யாரோ ஒரு துரை இலங்கையிலிருந்து கொண்டுவந்து கிள்ளானில் விட்டவைதான் உண்டு. அவையும் ஊரைவிட்டு அசையாமல் அங்கேயே குடித்தனம் நடத்தின.

ஆகவே நானும் எங்களோடு வேலை செய்த இன்னொருவனும் இலைப் பொட்டலத்தோடு கிள்ளானுக்கு ரயிலேறினோம். பெட்டியெல்லாம் வடை வாசனை. கூட வந்தவன் பொட்டலத்தைவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

கிள்ளானில் கூரைக்குக் கூரை காக்கை. இலையை விரித்துத் தொண்டை வற்றக் கத்தினோம். ஒன்றும் இறங்கவில்லை. பாசாருக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் எங்களைத்தான் வேடிக்கை பார்த்தார்கள்.

"மாப்ளே, நானே தின்னுர்றேன். காக்கா தின்னுச்சுன்னு சொல்லிடலாம். நானும் கறுப்புதானே?" என்றான் அவன்.

"உதைப்பேன். அந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்து உன்னால பொய் சொல்ல முடியுமா?"

"முடியாதுதான். ஆனா வடை ஆறுதே."

இலையைப் பார்த்தேன். பூசணிக்காய், பருப்பு, வடை. சைவம்தான் படைக்க வேண்டும் என்று சடங்கு நடத்திய பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். உயிரோடிருந்தவரை கருவாடு இல்லாமல் ஒரு கவளம் இறங்காதவனுக்குப் பூசணிக்காய்! பாசாரில் ஒரு மலாய்க்கார அம்மாவிடம் சுட்ட கருவாடு வாங்கி வந்து சோற்றின் மேல் வைத்தேன். கையை எடுக்கக்கூட விடாமல் ஒரு காக்கை என் தோளை இடித்துக்கொண்டு இறங்கி அதைத் தூக்கியது. பின்னாலேயே கூட்டம் வந்து இலையைக் காலி செய்தது. ஒரு வடையாவது மிஞ்சவில்லையே என்று இவனுக்கு ஆற்றாமை.

சாயங்காலம் கூட்டாளி வீட்டுக்குத் திரும்பினோம்.

"அண்ணே, எடுத்துச்சா?" என்றாள் அவள்.

"எடுத்துச்சும்மா."

"எதை மொதல்ல?"

இவன் என் காலை மிதித்தான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "கருவாட்ட," என்றேன்.

பெரியவர் துள்ளி எழுந்தார். "கருமாதிப் படையல்ல கருவாடா? எந்தப் பய வச்சான்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தோம். சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப வந்தது அவருதாண்ணே," என்றாள். பிறகுதான் அழுதாள். அதுவரை கண் நனையாமல் திரிந்த நானும் அழுதேன்.

பெரியவர் சாஸ்திரம் பேசிக்கொண்டே இருந்தார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்துபோய், சோற்றுச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.