கோல்ப் சாம்பியன் வீட்டுச் சம்பந்தம் விசாரிக்கப் பினாங்கு போய் வந்தது

எங்கள் மூத்த பெண் மரகதத்தைப் பினாங்கிலிருந்து கடிதம் எழுதிக் கேட்டார்கள். பையன் கதிரேசனுக்குத் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை, வயது இருபத்து நாலு. அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் பையனுடைய தகப்பனார் வேலாயுதத்துக்கு உத்தியோகம் பந்து அடிப்பது என்று கடிதத்தில் எழுதியிருந்தது. இருபத்தேழு வருஷமாகத் துரைமார் கிளப்பில் கோல்ப் என்கிற ஆட்டத்தைச் சொல்லிக் கொடுக்கிறாராம். சிங்கப்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்தவர்களை ஏழு முறை ஜெயித்த சாம்பியனாம். பந்தடித்து ஒரு மனிதன் குடும்பம் நடத்த முடியுமா? சூதாட்டத்துக்குத்தான் இப்படி நல்ல பெயர் வைத்திருக்கிறார்களோ என்று நினைத்தேன். என் வீட்டுக்காரர், "சாம்பியன்னா லேசா?" என்று அதிலேயே மயங்கிவிட்டார். ஆகவே தைப்பூசம் முடிந்த இரண்டாம் ஞாயிறு நானே புறப்பட்டேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. கடைப் பொட்டலக் காகிதத்தை வாசித்து எழுத்துக் கற்றவள். பிழை இருந்தால் சகோதரிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் நிபோங் திபாலில் காலை ஏழு பத்துக்கு ரயில். பிறைக்கு இருபது மைல், மூன்றாம் வகுப்புக்கு நாற்பத்தைந்து காசு. அங்கிருந்து பினாங்குத் தீவுக்குக் கடக்கும் கப்பல் கூலியும் அந்தச் சீட்டிலேயே சேர்ந்தது என்பதால் துறையில் யாராவது தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். என்னிடம் ஒருவன் கேட்டான். எட்டு ஐந்துக்குப் பிறையில் இறங்கியபோது, பாகான் டாலாமில் இருக்கும் என் தம்பி சண்முகம் காத்திருந்தான். துணைக்கு அவன்தான். எட்டே முக்காலுக்குப் பினாங்குக் கரையில் இருந்தோம்.

அங்கிருந்து தண்ணீர்மலை ஏறக்குறைய ஐந்து மைல். ரிக்ஷாக்காரர், "ஜாவூ, ஜாவூ" என்று தலையை ஆட்டினார். தூரம் என்று அர்த்தம். அறுபது காசு கேட்டார். பஸ்ஸில் ஆளுக்கு எட்டுக் காசுதான், பஸ்ஸிலேயே போனோம். முதலில் மலை ஏறி முருகனைச் சேவித்து, பாரத்தை அவன்மேல் போட்டேன். அர்ச்சனைக்குப் பத்துக் காசு. பாரத்தைப் போட்டாலும் பார்க்க வேண்டியதை நாம்தான் பார்த்தாக வேண்டும்.

வேலாயுதம் வீடு மலையடியில், கிளப்பின் கோல்ப் திடலுக்குப் பின்புறம், பலகை வீடு. போனவுடன் அவருடைய மனைவி பார்வதி காபி கொடுத்தாள். டம்ளர்கள் எல்லாம் புதிது. நாங்கள் வருகிறோம் என்று இரவல் வாங்கியதோ என்று அடுக்களையை எட்டிப் பார்த்தேன். பழைய டம்ளர்களையும் அங்கே கவிழ்த்து வைத்திருந்தாள். சரி என்று விட்டேன். கூடத்தில் கண்ணாடி அலமாரியில் பதினோரு வெள்ளிக் கோப்பைகள் இருந்தன. அவள் உள்ளே போன சமயம் ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன்.

"நல்லாப் பாருங்க அக்கா," என்று பின்னாலிருந்து பார்வதியின் குரல் வந்தது. "அடியிலே பேரு வெட்டியிருக்கும். அடகுக் கடையிலே வாங்கினா பதினொண்ணுலயும் ஒரே பேரா இருக்கும்?"

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. சண்முகம் விடவில்லை. "அக்கா கோயில்லே உண்டியலையே தட்டிப் பாத்துட்டுத்தான் காசு போடும்," என்றான். பார்வதி சிரித்துவிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதனாலேயே இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்கு வேலாயுதம் வந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கை வரை கறுத்த கை. கிளப்புக்கு முதலில் புல் வெட்டத்தான் வந்தேன் என்றார். புல் வெட்ட வந்த ஆள் எப்படிச் சாம்பியன் ஆனார் என்று கேட்டேன். மாலையில் துரைமார் போன பிறகு, சவுக்குக் கொம்பை வளைத்து, தொலைந்த பந்துகளைப் பொறுக்கி அடித்துப் பழகினாராம். ஒரு நாள் ஒரு துரை பார்த்துவிட்டார், உதைப்பார் என்று இவர் பயந்தாராம். அவரோ தன் மட்டையைக் கொடுத்து அடிக்கச் சொன்னாராம். பிறகு பை தூக்கினார், பிறகு மட்டை பழுது பார்த்தார், பிறகு வாத்தியார் ஆனார்.

"ஜெயிச்சா விருந்து உண்டா அண்ணே?" என்று கேட்டேன். குடியைப் பற்றி விசாரிக்க அதுதான் வழி.

"விருந்து உள்ளே, தங்கச்சி. நாம வெராண்டாவோட சரி. கோப்பையை வெராண்டாவுக்குக் கொண்டாந்து குடுப்பாங்க. வாங்கிக்கிட்டுப் பின்வாசல் வழியா வீட்டுக்கு வந்துருவேன். இவ அதுலே முதல்லே பாயசம் ஊத்திக் குடுப்பா."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். ஒன்று கவனித்தேன். பரிமாறும்போது கதிரேசன் தகப்பனார் பக்கத்திலேயே உட்கார்ந்து, "இது ரசம்ப்பா, இது மோருப்பா" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வளர்ந்த பிள்ளை இப்படிச் சொல்வானேன்?

பிற்பகல் இரண்டரைக்கு ஈப்போக் கிளப்பின் இளம் வாத்தியாருடன் அவருக்குப் போட்டி. நம்மவர்கள் உள்ளே போய் நிற்க முடியாது. திடலை ஒட்டிச் செம்பருத்தி வேலி, அதற்கு வெளியே பொது வழி. அங்கே நின்றால் யாரும் விரட்டுவதில்லை. ஆட்டம் இதுதான்: எலுமிச்சம்பழத்திலும் சிறிய வெள்ளைப் பந்தை மட்டையால் அடித்து, தூரத்தில் கொடி நட்டிருக்கும் குழிக்குள் விழச் செய்ய வேண்டும். பதினெட்டுக் குழி. எல்லாக் குழிக்கும் சேர்த்துக் குறைவான அடியில் முடித்தவருக்கு ஜெயம். நடை மட்டும் மூன்றரை மைல். நாங்களும் வேலிக்கு வெளியே கூடவே நடந்தோம், அதனால் செருப்புப் போட்டுப் போவது நல்லது.

கதிரேசன் தகப்பனாருடைய பையைத் தூக்கி வந்தான். காலையில் வெள்ளைத் துண்டு போட்டிருந்தவன் இப்போது சிவப்புத் துண்டு போட்டிருந்தான். பந்து பறந்தவுடன் எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். வேலாயுதம் மட்டும் மகனைப் பார்த்தார். மகன் ஓடிப்போய் ஓரிடத்தில் நிற்பான், இவர் அந்தச் சிவப்பை நோக்கி நடப்பார். இருவருக்கும் ஏதோ சமிக்ஞை இருக்கிறது, ஏமாற்றுகிறார்கள் என்று சண்முகத்திடம் சொன்னேன்.

"யாரு அடி எண்றது? நடுவர் எங்கே?" என்று கேட்டேன்.

"நடுவர் கூடவே வர்றதில்லே அக்கா. அவங்கவங்க அடியை அவங்கவங்களே சொல்லணும். எதிராளி எழுதிக்குவான்."

"மறைவுலே அடிச்சா?"

"அதையும் அவங்கதான் சொல்லணும்லா."

இதைக் கேட்டதும் என் சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. அரிசிக் கடையில் தராசு முள்ளை நாமே பார்க்கிறோம், இங்கே காட்டுக்குள் போனவன் சொன்னதுதான் கணக்கு என்றால் என்ன ஆட்டம் அது?

பதினோராவது குழியில் வேலாயுதம் அடித்த பந்து கோணலாகப் பறந்து எங்கள் பக்கம் வந்து, வேலியோரத்து வாய்க்காலில் விழுந்தது. மற்றவர்கள் நூறு கஜத்துக்கு அப்பால். ஈப்போக்காரர் தம் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். சண்முகம் தண்ணீர் குடிக்கக் குழாய்க்குப் போயிருந்தான். நான் மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம், பச்சைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து நின்றேன். கதிரேசன் தனியாக ஓடி வந்து புல்லை விலக்கினான். எனக்கும் அவனுக்கும் ஐந்தடிதான் இருக்கும். பந்து பாதி தண்ணீரில் கிடந்தது. ஓர் அடி தள்ளி நல்ல புல். கால் விரலால் தட்டினால் போதும், யாருக்கும் தெரியாது. என் பெண்ணை இந்த வீட்டுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தக் கால் விரலில் இருக்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். நெற்றியைத் துடைத்தான். வெகுநேரம் நின்றதாக எனக்குத் தோன்றியது.

"கெடைச்சுதா?" என்று தகப்பனார் தூரத்திலிருந்து கேட்டார்.

"கெடைச்சுதுப்பா. வாய்க்கால்லே கெடக்கு."

"உள்ளேயா, கரையிலயா?"

"உள்ளேதான்ப்பா."

வேலாயுதம் வந்து குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டார். பந்து கண்ணெதிரே வெள்ளையாகத் தெரிகிறது, அவர் கையோ வேறெங்கோ துழாவுகிறது. "வலது பக்கம்ப்பா. இன்னும் கொஞ்சம்," என்று மகன் மெதுவாகச் சொன்னான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குக் கண் தெரியவில்லை. சிவப்புத் துண்டு அதற்குத்தான். ரசமும் மோரும் அதற்குத்தான்.

பந்தை எடுத்து, கொடியைப் பார்த்து நின்று, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் திருஷ்டி சுற்றித் திரும்பிப் பார்க்காமல் போடுவோமே, அதே மாதிரி. ஒளிந்து நின்ற என் கண்ணைத்தான் கழிக்கிறார் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு சண்முகம் வந்து விளக்கினான். தண்ணீரில் விழுந்தால் அப்படித்தான் போட வேண்டுமாம், ஆட்டத்துச் சட்டம், அதற்கு ஓர் அடி தண்டனை கூடுமாம். வேலாயுதம் அந்தத் தண்டனையைத் தாமே எதிராளியிடம் சொன்னதை நான் கேட்டேன். ஆட்டம் ஐந்தேகாலுக்கு முடிந்தது. நாலு அடி வித்தியாசத்தில் வேலாயுதம் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாவிட்டாலும் தோற்றிருப்பார்.

கடைசிக் கப்பலுக்கு முன் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டேன். "அண்ணே, தப்பா நினைக்கக் கூடாது. உங்களுக்குக் கண்ணு எப்படி?"

பார்வதி, "வெயில்லே நின்னு வந்தவரை…" என்று ஆரம்பித்தாள்.

"விடு பார்வதி," என்றார். "நாலு வருஷமா மங்கிக்கிட்டே வருது, தங்கச்சி. கிளப்புலே தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே போகச் சொல்லிருவாங்க. அடிச்ச சத்தத்துலேயே பந்து எங்கே போகுதுன்னு பாதி தெரியும். மீதி இவன் சொல்லுவான்."

"எங்களுக்கு எப்பச் சொல்றதா இருந்தீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தின்னு சொன்னா அது பொய். சொல்லவே கூடாதுன்னும் நினைக்கலே. தள்ளிக்கிட்டே வந்தேன்."

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் எழுதியிருக்கணும் அத்தை," என்றான்.

கப்பலில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். யாருமில்லாத இடத்தில் பந்தை ஓர் அடி நகர்த்தாத பையன், நாலு வருஷமாக ஒரு கிளப்பையே ஏமாற்றியிருக்கிறான். இதில் எந்தப் பையனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறோம்? அன்றிரவு பாகான் டாலாமில் தங்கி, மறுநாள் ஊர் வந்து, மரகதத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன். வாழப் போகிறவள் அவள்தானே.

அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "வாய்க்கால்கிட்டே நின்னப்ப அவரு உங்களைப் பாக்கலைன்னு எப்படித் தெரியும்மா?"

நான் பெற்ற பெண்தான். எனக்கு இது தோன்றவில்லையே என்று அந்த வாரம் முழுதும் தூக்கம் இல்லை. அடுத்த திங்கள் மறுபடியும் நாற்பத்தைந்து காசு கொடுத்துப் போனேன். திங்கள் காலை ஆட்டம் கிடையாது. புல் வெட்டும் பெண்களிடம் கேட்டு உள்ளே போய், கதிரேசன் நின்ற அதே வாய்க்கால் ஓரத்தில் நின்றேன். சண்முகத்தை வேலிக்கு வெளியே நிறுத்தி, அதே பச்சைச் சேலையைப் போர்த்திக்கொள்ளச் சொன்னேன்.

"யாராவது பாத்தா என்னைப் பைத்தியம்னு சொல்லுவாங்க அக்கா."

"பாக்க முடியுதான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கோம். குனிஞ்சு நில்லு."

குனிந்தும் பார்த்தேன், நிமிர்ந்தும் பார்த்தேன், பத்தடி தள்ளியும் பார்த்தேன். செம்பருத்தி இலை தவிர ஒன்றும் தெரியவில்லை. இடையில் வேலியை வெட்டினார்களா, தழைத்துவிட்டதா என்று புல்வெட்டும் பெண்ணிடம் விசாரித்தேன். "பூசத்துக்கு முந்தி வெட்டினது. மழையே இல்லே, எங்கேருந்து தழைக்கும்?" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். பெண் கொடுக்கச் சம்மதம், ஆனால் கண் விஷயத்தைக் கிளப்பில் அவரே சொல்லிவிட வேண்டும், மறைத்துச் சம்பாதித்த சோற்றில் என் பெண் கை நனைக்க வேண்டாம் என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, ஒரு மனிதரின் இருபத்தேழு வருஷத்தை ஒரு வரியில் முடித்துவிட்டோமே என்று தோன்றியது. முருகனிடம் அழுதேன். பதினாறு நாள் பதில் இல்லை. பதினேழாம் நாள் வந்தது. மகன் எழுதியது அல்ல. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வரி சரிந்து, காகிதத்தை விட்டே வெளியே போயிருந்தன. சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். வாசித்து முடிக்க எனக்கும் மரகதத்துக்கும் அரை மணி ஆயிற்று.

அவருக்குச் சாம்பியன் ஆட்டம் அதோடு நின்றது. பாதிச் சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள். துரைமார் அடிக்கும்போது பின்னால் நின்று, சத்தத்தைக் கேட்டே, மட்டை எங்கே பிசகியது என்று சொல்கிறாராம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆகிவிட்டதால்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்படிச் சம்பந்தம் விசாரிக்கப் பினாங்கு போகும் சகோதரிகள் ஏழு பத்து ரயிலையே பிடியுங்கள், அடுத்ததில் போனால் வெயில் ஏறிவிடும். கோயிலுக்குக் கீழே பச்சைத் தண்ணீர் குடிக்க வேண்டாம். கோல்ப் பார்ப்பதானால் வேலியின் கிழக்குப் பக்கம் நிழல் உண்டு. போக வர, சாப்பாடு அவர்கள் வீட்டில் என்றால், ஆளுக்கு ஒன்றேகால் வெள்ளி, அதாவது நூற்றிருபத்தைந்து காசு, தாராளம். ஒரு முறை போய்த் திருப்தி ஆகாவிட்டால் வெட்கப்படாமல் இரண்டாம் முறை போங்கள்.

கல்யாணமாகி ஐந்து மாதம் ஆகிறது. மாப்பிள்ளை இதுவரை நல்லவராகத்தான் தெரிகிறார்.