கறம்பக்குடியில் சொல்லப் போன உண்மை: எனக்கு ஒரே பித்தக் குழாய்தான்

கல்லீரல் தானம் கொடுக்கப் போகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். சென்ற தை மாதம், ஒரு வியாழக்கிழமை, அண்ணன் செல்வத்தைப் பார்க்கக் கறம்பக்குடிக்குப் போனேன். அவருக்குக் கல்லீரல் மாற்றி ஒன்றரை வருடம். நான் ஊர்ப்பக்கம் போயும் அவ்வளவு நாளாகியிருந்தது.

திருச்சியில் காலை 8.10க்குப் பேருந்து. 55 கிலோமீட்டர், 9.35க்குப் புதுக்கோட்டை. அங்கிருந்து 9.50 வண்டி, இன்னும் 40 கிலோமீட்டர், 11.10க்குக் கறம்பக்குடி. (உட்கார இடம் வேண்டுமென்றால் பேருந்து நிலையத்திலேயே ஏறிவிடுங்கள்.) அண்ணன் வீடு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120 ரூபாய்.

ஆட்டோக்காரர் அண்ணன் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார். "ஈரல் மாத்துனாரே, அவரு வீடா? அவரு சம்சாரந்தான் குடுத்துச்சு. கூடப் பொறந்த தம்பிக்கு ஏதோ கொழா சரியில்லையாமுல்ல. பாவம், அந்தாளு மனசு என்ன பாடுபட்டுச்சோ."

அந்தத் தம்பி நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

நடந்தது இது. தானம் கொடுப்பவரின் கல்லீரலில் வலது பாதியை வெட்டி எடுக்கும்போது, அதிலிருந்து பித்தநீரை வெளியே கொண்டுவரும் குழாயையும் வெட்ட வேண்டும். பலருக்கு அங்கே ஒரே குழாய்; நோயாளியின் குழாயோடு ஒரு இணைப்புப் போட்டால் போதும். சிலருக்கு இரண்டு, மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே இணைக்க வேண்டும். இணைப்பு கூடினால் கசிவும், பிறகு சுருக்கமும் வரும் வாய்ப்பும் கூடும்.

ஸ்கேனில் எனக்கு ஒரே குழாய். ஆனால் எனக்குப் பயம். தனியறையில் மருத்துவரிடம் சொன்னேன். "விருப்பமில்லைன்னா கட்டாயம் இல்லை. பொருத்தமில்லைன்னு மட்டும் வீட்டுல சொல்லிடுறோம்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் நானாக ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: எனக்கு மூன்று குழாய்களாம் என்று.

அண்ணி மலர்க்கொடி கொடுத்தார். அவருக்கு இரண்டு குழாய்கள். சிக்கல் வரலாம் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அண்ணிக்கு வெட்டிய இடத்தில் பித்தநீர் கசிந்து, ஆறு வாரம் வயிற்றில் டியூபோடு இருந்தார். அண்ணனுக்கு ஓர் இணைப்பு சுருங்கிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாய்வழியாகக் கருவி விட்டு, சுருங்கிய இடத்தைத் திறந்து வைத்திருக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழலை மாற்றுகிறார்கள்.

நான் போனபோது அண்ணனின் கண் மஞ்சளாக இருந்தது. கையைச் சொறிந்துகொண்டே சிரித்தார். "ஒனக்கு மூணாமுல்ல. இவளுக்கு ரெண்டுக்கே இந்தப் பாடு. நல்லவேளை, நீ தப்பிச்ச."

பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கை கழுவும் சாக்கில் கொல்லைக்குப் போய் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவர் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பயம்னு சொல்லிருந்தா நான் ஒண்ணுமே நெனச்சிருக்க மாட்டேன் தம்பி. எனக்கும் பயந்தான். ஆனா ஒங்களுக்கு ஒடம்புல கொறைன்னு கேட்டு, ஒங்களுக்காகவும் கோயில்ல வெளக்குப் போட்டேன். அதான் தாங்கல." பாத்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. நான் மறைக்க மாட்டேன்" என்றார்.

சொன்னேன். அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "செவ்வாக்கெழம ஸ்டென்டு மாத்தணும். ஒங்க அண்ணிக்குப் பஸ்ல ஒக்காந்தா வயித்த இழுக்குது. நீ வா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை: எத்தனை குழாய், எத்தனை இணைப்பு என்று மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றிய பிறகு அரிப்பு, குளிர்காய்ச்சல், அடர்மஞ்சள் சிறுநீர், இதில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை தேதிவரை காத்திருக்காதீர்கள். ஸ்டென்ட் மாற்றப் போகும்போது எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்தவரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், அவரும் நோயாளிதான். பயமாக இருந்தால் பயம் என்றே சொல்லுங்கள். அதைச் சொல்லாததற்கு நான் படும் வெட்கம் சிறியதல்ல.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போய் ஸ்டென்ட் மாற்றிவிட்டு, மறுநாள் வீடு திரும்பினோம். புதுக்கோட்டையில் வண்டி மாறும்போது டீ வாங்கி அண்ணனிடம் நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.