நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு

தாராவியில் எங்கள் வீடு ஒரே அறைதான். ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் அடித்த சின்னப் பலகைதான் சாமி அலமாரி. முருகன், பிள்ளையார், ஊர் அம்மன், ஓரத்தில் அப்பா அம்மாவின் போட்டோ. இவர்களோடு ஒரு பிளாஸ்டிக் அட்டையும் அங்கே சாய்ந்து நிற்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள் கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டை. வலது கீழ் மூலையைக் கத்தரித்து எடுத்திருக்கும். இடது பக்கம் ஒரு அம்மாவின் முகம். நரைத்த தலை, வெள்ளைக் காலர், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு. நெற்றியின் குறுக்கே ஸ்கேல் வைத்து இழுத்தது போல மெல்லிய வெள்ளைக் கோடு. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், "யாரு, உங்க பெரியம்மாவா? நல்லா பட்டை போட்டிருக்காவளே" என்று கேட்பார்கள். அவர் எனக்குச் சொந்தமில்லை. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நாகர்கோவில் பக்கம். வாழ்நாளில் நெற்றியில் பொட்டுகூட வைத்ததில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவி. மேட்ரன் அம்மா என்றுதான் நாங்கள் எல்லாரும் கூப்பிட்டோம். அந்த நெற்றிக்கு அந்தக் கோடு எப்படி வந்தது என்று எழுத வேண்டும் என்று கொஞ்ச காலமாகவே மனதில் இருக்கிறது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபீஸில் எனக்கு வேலை. பைல் தூக்குகிறவனாகச் சேர்ந்து, கம்ப்யூட்டரில் பெயர் அடிக்கப் பழகி, கடைசியில் அட்டை அடிக்கிற மெஷின் என் பொறுப்பில் வந்தது. அதற்கு முன்னால் அட்டைகள் காட்கோபரில் ஒரு கடையில் தயாராகி வரும். சொன்ன நாளில் வராது. வந்தால் ஒருவர் முகத்துக்குக் கீழே இன்னொருவர் பெயர் இருக்கும். அதுவும் நிரந்தர வேலைக்காரர்களுக்கு மட்டும்தான். வார்டில் நோயாளிகளைத் துடைத்து, துணி மாற்றி, பெட்பேன் எடுக்கிற பெண்களை இங்கே மாவ்ஷி என்பார்கள், மராத்தியில் சித்தி என்று அர்த்தம். பாதிப்பேர் தாராவித் தமிழ்ப் பெண்கள். கான்ட்ராக்டில் வேலை செய்கிறவர்கள் என்பதால் அவர்களுக்குக் காகித பாஸ். பம்பாய் மழையில் லேமினேஷனுக்குள் தண்ணீர் போய் ஒரே மாதத்தில் முகம் கரைந்துவிடும். காகித பாஸ் வைத்திருப்பவர்கள் முன்வாசல் வழியாக வரக்கூடாது. குப்பை வண்டி வருகிற பின்கேட்தான். வரும்போதும் போகும்போதும் பையைக் கொட்டிக் காட்ட வேண்டும்.

மேட்ரன் அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "சோத்து டப்பாவத் தொறந்து கையவிட்டுக் கிளறிப் பாக்கான் தம்பி. அந்தச் சோத்த அவ எப்பிடித் திம்பா?" என்று என்னிடம் ஒரு நாள் கேட்டார். ஒவ்வொரு மீட்டிங்கிலும் இதையே பேசினார். டாக்டருக்கு என்ன அட்டையோ அதே அட்டை மாவ்ஷிக்கும், அதே வாசல் என்றார். கடையில் கொடுத்தால் செலவு கட்டாது என்று மேலே சொன்னபோது, "அப்போ மெஷினை நம்ம ஆஸ்பத்திரிக்கே கொண்டு வாருங்க" என்றார். அப்படித்தான் அது வந்தது.

மெஷின் பார்க்க ரொட்டி டப்பா மாதிரி சின்னதுதான். ஆனால் பச்சைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். வெள்ளை அட்டையை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். விரல் பட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும், அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. ஒரு தூசி உள்ளே விழுந்தால் யாரோ ஒருவர் கன்னத்தில் வெள்ளைப் புள்ளி விழும். ஜன்னலைத் திறப்பதில்லை. வெளியே டிராம்பே போகிற பஸ் கிளப்புகிற புழுதி போதும் எல்லாவற்றையும் கெடுக்க. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். நிற ரிப்பன் மாற்றும்போதெல்லாம் பசை தடவிய அட்டையை உள்ளே ஓட்டித் தூசியை எடுப்பேன், ஸ்பிரிட் நனைத்த துணியால் உருளையைத் துடைப்பேன். போட்டோ எடுக்கிற சுவரில் கோடு போட்டு, குட்டையானவர்களுக்கு ஸ்டூலை ஏற்றி, எல்லார் நெற்றியும் அட்டையில் ஒரே உயரத்தில் வரும்படி பார்த்துக்கொள்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மாவ்ஷிகளுக்கு அட்டை அடிக்கத் தொடங்கி, பாதிப்பேருக்குக் கொடுத்தாயிற்று. அட்டை சூடு ஆறுவதற்குள் மேட்ரன் அம்மா கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு பெயரை எழுத்து எழுத்தாக வாசிப்பார். பிறகு அதை அந்தப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "இது நீதானாடீ?" என்பார். நான்தாம்மா என்று அந்தப் பெண் சொன்ன பிறகுதான் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் போடுவார். மறுநாள் காலை அந்தப் பெண் முன்வாசல் வழியாக வருவாள். சும்மா வருவதில்லை, பூ வைத்துக்கொண்டு வருவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. பொரி, கடலை, பூச்சரம் வாங்க நான் மாட்டுங்கா தமிழ்க் கடைகளுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் என் அறையில் கூட்டம். மாவ்ஷிகள் எல்லாரும் சேர்ந்து மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். நெஞ்சு நிறைந்துபோய்க் கை கூப்பினேன். அப்புறம்தான் பார்த்தேன், மெஷினின் மூடி திறந்து கிடந்தது. அவர்களில் மூத்தவள், எங்கள் லேனுக்கு அடுத்த லேன்காரி, கையில் திருநீற்றுப் பொட்டலத்தோடு நின்றாள்.

"உள்ள ஏன் தொறந்திய?" என்றேன்.

"யய்யா, மேல பூசி என்ன செய்ய? எங்க மூஞ்சியெல்லாம் அதோட வயித்துக்குள்ள இருந்துல்லா வருது. அதான் உள்ளயும் ரெண்டு விரலு தடவுனேன். திருச்செந்தூர் திருநீறு."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அன்பாகச் செய்தது, அதுவும் முருகன் பெயரால். கற்பூரம் காட்டிவிட்டு எல்லாரையும் அனுப்பினேன். ஸ்பிரிட்டும் துணியுமாக உட்கார்ந்து முடிந்தவரை துடைத்தேன். லீவு முடிந்து முதல் அட்டையை அடித்தபோது, அட்டையின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரு வெள்ளைக் கோடு. மறுபடி துடைத்தேன், மறுபடி அடித்தேன். அதே இடத்தில் அதே கோடு. ரிப்பனைச் சூடாக்கி நிறத்தை அட்டையில் இறக்குகிற பகுதிக்கு ஹெட் என்று பெயர். அதில் ஒரு மயிரிழை அளவு கீறல் விழுந்துவிட்டது. இனி அந்த இடத்தில் நிறம் இறங்காது. அட்டையின் பின்புலம் வெள்ளை என்பதால் மற்ற இடத்தில் கோடு தெரியவில்லை. போட்டோவில் மட்டும் தெரிந்தது. நான்தான் எல்லார் முகத்தையும் ஒரே உயரத்தில் வைத்திருந்தேனே, சரியாக நெற்றியின் குறுக்கே விழுந்தது.

அக்கவுண்ட்ஸ் சார் மாட்டுங்காக்காரர். கெட்டவரில்லை, கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படியா கொடுக்கிறது? ஆஸ்பத்திரி பேரு என்ன ஆறது? மிஷினை நிறுத்துங்கோ. புது ஹெட்டுக்கு மேலே எழுதறேன், எப்போ வருமோ. மீதிப் பேருக்குப் பழையபடி பேப்பர் பாஸ். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு பிளாஸ்டிக் வேணுமான்னு நான் ஆரம்பத்துலயே கேட்டேன்" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஒருமுறை நின்றால் நின்றதுதான். பாதிப்பேர் முன்வாசலிலும் பாதிப்பேர் பின்கேட்டிலுமாகப் போவார்கள். அட்டை கிடைத்தவர்களும் கான்ட்ராக்ட் முடிந்து புதுப்பிக்கிறபோது ஒவ்வொருவராகப் பின்கேட்டுக்கே திரும்புவார்கள். முருகா, உன் திருநீற்றாலா இது நடக்க வேண்டும் என்று மனதுக்குள் அழுதேன்.

மத்தியானம் மேட்ரன் அம்மா வந்தார். பின்னாலேயே அட்டை கிடைக்காத மாவ்ஷிகளும் வந்து வாசலில் நின்றார்கள். மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நான்தாம்மா பாவி" என்றாள். மேட்ரன் அம்மா அவளைப் பார்க்கவில்லை. கெட்டுப்போன அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்தார்.

"தம்பி, கேட்ல மெஷின் படிக்கிற அந்தக் கறுப்புக் கோடு இருக்கே, பார்கோடு, அதுல இந்த வெள்ளை படுதா?"

"இல்லம்மா. அது கீழ் மூலையில இருக்கு."

"பேரு?"

"பேருலயும் படல."

"அப்போ என் அட்டைய முதல்ல அடியும். பழசு முடியப் போவுது." சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்.

ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற அம்மா. அவர் நெற்றியில் போய் இது விழுமே. "அம்மா, கோடு நெத்தியில வரும்" என்றேன். "வரட்டு" என்றார். அடித்தேன். மெஷின் முனகி, நிறம் நிறமாக இழுத்து, கடைசியில் அட்டையைத் துப்பியது. ஓரத்தில் பிடித்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அழுதுகொண்டிருந்த மூத்தவள்தான் எட்டிப் பார்த்துவிட்டு, தன்னை மறந்து, "ஆத்தீ, மேட்ரனம்மாவுக்கும் பட்டை போட்டாச்சு!" என்றாள்.

மேட்ரன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். "பட்டையும் இல்ல, கிட்டையும் இல்ல. மெஷின் கோடு. இது நான்தானா? நான்தான். அது போதும்" என்று கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு வாசலில் நின்றவர்களிடம் திரும்பி, "இப்பிடி வேண்டாம்னு ஒருத்திக்குத் தோணிச்சுன்னா சொல்லிரணும். வெக்கப்படக் கூடாது. புது ஹெட் வாறது வரைக்கும் நானே கையப் பிடிச்சு முன்வாசல் வழியா கூட்டிட்டு வாரேன்" என்றார். அவர்களில் ஒரு முஸ்லிம் பெண் இருந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தோம். அவள், "என்னைய எதுக்குப் பாக்கிறீங்க? மேட்ரனம்மாவே மாட்டிட்டாங்க. அண்ணே, என் கண்ணு மூடாமப் புடிங்க, போன பாஸ்ல செத்த பிணம் மாதிரி இருந்தேன்" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் மீதி அட்டைகளை அடித்து முடித்தேன்.

மறுநாள் காலை முன்வாசலில் காவலாளி முதல் அட்டையைப் பார்த்து முகம் சுளித்தான். "யே க்யா ஹை? கராப் கார்ட்", கெட்டுப்போன அட்டை என்றான். பின்னாலிருந்து மேட்ரன் அம்மா வந்து தன் அட்டையை அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார். அவன் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், சல்யூட் அடித்துவிட்டு விலகினான். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லாரும் உள்ளே வந்தார்கள். ஒருத்தியின் சோற்று டப்பாவையும் யாரும் திறக்கவில்லை. அக்கவுண்ட்ஸ் சார் லிப்ட் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே ஹெட்டுக்கு எழுதினார். மாவ்ஷிகளுக்குக் காகித பாஸ் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

அன்று என்னிடமும் மேட்ரன் அம்மா ஒன்று சொன்னார். "உம்ம சாமிய நான் ஒண்ணும் சொல்லல தம்பி. ஆனா காலையில நீரு குனியும்போது நெத்தியில இருந்து பொடி உதிருது, நான் பாத்திருக்கேன். தண்ணியில குழைச்சுப் பூசிட்டு வாரும். நானும் இனிமே பவுடர் போட்டுட்டு இந்த ரூமுக்குள்ள வர மாட்டேன். உமக்குத் திருநீறு, எனக்குப் பவுடரு. ரெண்டும் இதுக்கு ஆகாது." அன்றிலிருந்து குழைத்துத்தான் பூசுகிறேன். காய்ந்தபின் முன்னைவிடப் பளிச்சென்று இருக்கிறது, உதிர்வதும் இல்லை.

புது ஹெட் வந்தது. கோடு விழுந்த அட்டைகளை எல்லாம் மாற்றிக் கொடுத்தேன். மூத்தவள் மட்டும், "முருகன் போட்ட பட்டைய நீ யாருய்யா அழிக்க?" என்று தர மறுத்துவிட்டாள். மேட்ரன் அம்மாவும் மாற்றிக்கொள்ளவில்லை. காரணம் கேட்டபோது, "ஒரு அட்டை அடிச்சா ரிப்பன்ல ஒரு துண்டு போவும். அத புதுசா வாற பிள்ளைக்கு அடியும்" என்றார். அதற்குப் பின்னால் வேறு காரணம் இருக்குமா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன். அவர் எப்போதும் மனதில் உள்ளதைத்தான் சொல்வார். அதனால் அதுதான் காரணம் என்று எடுத்துக்கொண்டேன்.

ரிட்டயர் ஆகிற அன்று அட்டையைத் திருப்பிக் கொடுக்க என் அறைக்கு வந்தார். திரும்பி வருகிற அட்டையை முகத்தின் நடுவில் வெட்டிப் போட வேண்டும் என்பது வழக்கம். எத்தனையோ அட்டைகளை வெட்டியிருக்கிறேன். அன்று கத்தரியை எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். அவர் என் கையிலிருந்து கத்தரியை வாங்கி, பார்கோடு இருந்த மூலையை நறுக்கென்று வெட்டினார். "இது போனா கேட் தொறக்காது. மூஞ்சிய எதுக்கு வெட்டணும்?" என்றார். அட்டையை என் மேஜையில் வைத்தார். "வீட்டுக்குக் கொண்டு போனா பேரப்பிள்ளை கடிச்சுப் போடும். நீரே வச்சுக்கிடும்." வாசலில் விட்டிருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். ஊரில் மகள் வீட்டில் கர்த்தருக்குள் நித்திரையானார் என்று போன வருஷம் செய்தி வந்தது.

இப்போது ஆஸ்பத்திரியில் முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கிற கருவி வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. வரட்டும். வருகிற வரை நான் அட்டை அடித்துக்கொண்டிருப்பேன். ஆயுத பூஜைக்கு மாவ்ஷிகள் இன்றும் வருகிறார்கள். மாலையை மேஜைக்குப் போடுகிறோம், சந்தனத்தைக் குழைத்துச் சுவரில் வைக்கிறோம். மெஷின் உறைக்குள் சுத்தமாக இருக்கிறது.

அட்டையைச் சாமி அலமாரியில் வைத்த அன்று என் மனைவி, "வேதக்காரவுங்க படத்த சாமி கிட்ட வைக்கலாமா? அவ்வோளுக்கே பிடிக்காதே" என்றாள். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவளும் ஒரு காலத்தில் வேறொரு இடத்தில் பையைக் கொட்டிக் காட்டி வேலைக்குப் போனவள்தான். அப்புறம் அவளே அட்டைக்கு இடம் ஒதுக்கினாள். வெள்ளிக்கிழமை காலையில் படங்களைத் துடைத்து, தண்ணீரில் குழைத்த திருநீற்றை ஒவ்வொன்றுக்கும் மூன்று விரலால் இழுத்து வருவாள். பிள்ளையாருக்கு, முருகனுக்கு, அம்மனுக்கு, என் அப்பாவுக்கு, அம்மாவுக்கு. மேட்ரன் அம்மாவின் அட்டையை ஓரத்தில் பிடித்து எடுத்து, ஈரத் துணியால் துடைத்து, நெற்றியை ஒருமுறை பார்ப்பாள். திருநீற்று விரலை மடக்கிக்கொண்டு, அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.