முகூர்த்தத்தில் மாற்றிய லென்ஸ்

மலைமேல் செம்மேட்டில் தாலுகா ஆபீஸுக்கு எதிரே போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ராமாயிக்கு ஊரில் ஒரு கெட்ட பெயர் உண்டு. கல்யாண வீட்டுக்குள் நுழைந்தால் யாருக்கும் வணக்கம் சொல்ல மாட்டாள், ஜன்னல் எங்கே, விளக்கு எங்கே என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் மனுஷரைப் பார்ப்பாள் என்பார்கள். உண்மைதான். அதே மலையில் திருப்புலி நாட்டில் மிளகுத் தோட்டத்தில் பிறந்த பெண், ஆபீஸுக்கு மனுவோடு வந்த ஜனங்களுக்கெல்லாம் வருஷக்கணக்கில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துத்தான் ஒரு கேமராவையும் இரண்டு லென்ஸையும் சேர்த்தாள். வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்க அவளுக்கு நேரம் ஏது?

இரண்டில் ஒன்று வைடு லென்ஸ். கிட்டே நின்று எடுக்க அதுதான் தோது. மலைக் கல்யாணங்கள் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நடந்துவிடும், அதற்கு அது போதும். இன்னொன்று டெலி, முழங்கை நீளம் இருக்கும், தூரத்தில் இருப்பதை இழுத்து முன்னால் கொண்டுவரும். சேலத்தில் பழசாக வாங்கியது. வீடியோ எடுக்கும் அவள் புருஷன் வேல்முருகன் அதற்கு 'பெரிய மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தான். எங்கே போனாலும் மரியாதையாகக் கூட வரும், ஒரு வேலையும் செய்யாது.

போன தை மாதம் காளப்பநாயக்கன்பட்டி வெங்கிடுசாமி வீட்டுக் கல்யாணம் அவளுக்குக் கிடைத்தது. அடிவாரத்தில் நிலபுலத்தோடு இருக்கிற குடும்பம். மாப்பிள்ளை வீட்டாருக்கு மலைக்கோயிலில் வேண்டுதல், அதனால் முகூர்த்தத்தைச் செம்மேட்டு மண்டபத்திலேயே வைத்துவிட்டார்கள். கீழ்நாட்டுக் குடும்பம் ஒன்று ராமாயியைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வெங்கிடுசாமி சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"தாலி கட்டறது தெளிவா வேணும் அம்மணி. ரெண்டு பேரு மூஞ்சியும், தாலியும். போன வருஷம் எங்க மச்சான் ஊட்டுல ஒருத்தன் கோட்டை உட்டுட்டான். இது நல்லா வந்துதுன்னா எங்க சொந்தத்துல இன்னும் நாலு கல்யாணம் இருக்குது."

அந்த நாலு கல்யாணத்தை நினைத்து ராமாயி இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை.

விடியற்காலையில் பெண் அறையில் வைத்துத்தான் சிக்கல் வந்தது. மணப்பெண் வித்யாஸ்ரீ, வெங்கிடுசாமியின் தம்பி மகள். தம்பி இறந்து ஆறு வருஷமாகிறது, பெரியப்பாதான் தாரை வார்த்துக் கொடுக்கிறார். பூ வைத்துவிட்ட பெண்கள் வெளியே போனதும் அவள் ராமாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எங்கம்மா மேடைக்கு வர மாட்டாங்க. பந்திக்குப் போற கதவுகிட்ட நின்னுக்கறேன்னு சொல்லீட்டாங்க. சண்டை போட்டுப் பாத்துட்டேன், கேக்கறதில்ல. தாலி கட்டறப்ப நானும் அம்மாவும் ஒரே போட்டோவுல வேணும். அது ஒண்ணு போதுங்க்கா."

கைம்பெண் மணமேடைப் பக்கம் வரக்கூடாது என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் பெண்ணின் அம்மா குழந்தையம்மாள் தானாக ஒதுங்கிக்கொண்டாள். இந்த மாதிரி ஒதுங்கலைக் கண்டால் ராமாயிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் கோபத்தை வைத்துப் படம் எடுக்க முடியாதே. அவள் கூடத்தை அளந்து பார்த்தாள்.

மேடைக்கு இடது பக்கம் நாற்பதடி தள்ளி அந்தக் கதவு, இரண்டு படி உயரத்தில். வைடு லென்ஸோடு மேடைப் பக்கத்தில் நின்றால் தாலியும் முகங்களும் பளிச்சென்று விழும், ஆனால் அம்மா கட்டைவிரல் அளவுகூட இருக்க மாட்டாள். இரண்டு பேரையும் பக்கத்தில் கொண்டுவர ஒரே வழிதான். வலது கோடிச் சுவர்வரைக்கும் பின்னால் போய், நாற்காலிமேல் ஏறி, டெலியை மாட்ட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பெண்ணும் அம்மாவும் ஒரே கோட்டில் வருவார்கள், இடையில் இருக்கும் தூரம் சுருங்கிவிடும். ஆனால் தாலி கட்டும்போது மேடையில் யார் கை குறுக்கே வரும் என்று அங்கிருந்து சொல்ல முடியாது. கேமரா ஒன்று, தாலி கட்டுவதும் ஒரே தடவை.

"வீடியோவுல தாலிய நான் பாத்துக்கறேன், நீ போ," என்றான் வேல்முருகன்.

"வீடியோவ செவுத்துல மாட்டுவாங்களா மாமா?" என்றாள் ராமாயி.

தாலித் தட்டு பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வரக் கிளம்பும்வரை வைடிலேயே எடுப்பது, பிறகு லென்ஸை மாற்றிக்கொண்டு ஓடுவது என்று முடிவு செய்தாள். தை மாதப் பனியில் வெளியே குளிர்ந்து கிடக்கிற கண்ணாடி, கூட்டமும் அடுப்புப் புகையும் சேர்ந்த கூடத்துக்குள் வந்தால் ஆவி படிந்து குருடாகிவிடும். மலையில் படம் எடுப்பவளுக்கு இதெல்லாம் பாலபாடம். அதனால்தான் ஐந்து மணிக்கே லென்ஸ் பையை மேடையோரம் வைத்துச் சூடேற விட்டிருந்தாள்.

தட்டு கிளம்பியது. ராமாயி லென்ஸ் பையை எடுக்க ஓடினாள். பை இல்லை. அந்த இடத்தில் சீர்த்தட்டுகள் இருந்தன.

"பையா? அத வெளிய திண்டுமேல வெச்சோமே. தட்டு வெக்க எடம் பத்தல," என்றாள் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, சாவகாசமாக.

வாசலில் மூடுபனி ஆளை மறைத்துக்கொண்டிருந்தது. பையின் மேல்துணி நனைந்திருந்தது. லென்ஸை எடுத்தபோது கை சில்லிட்டது. பேசாமல் வைடோடு மேடைக்குப் போய்விட்டால் ஒருவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தப் பெண்கூட, முடியவில்லை என்றால் நம்பிவிடுவாள். ஒரு நிமிஷம் அப்படித்தான் செய்ய இருந்தாள். அப்புறம் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, பனி உள்ளே போகாமல் வைடைக் கழற்றினாள், டெலியை மாட்டினாள், வலது சுவரை நோக்கிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு நடந்தாள்.

நாற்காலிமேல் ஏறிப் பார்த்தால் எல்லாம் மோர் மாதிரி வெளுத்துக் கிடந்தது. முந்தானையால் துடைத்தாள். இரண்டு மூச்சு நேரம் தெளிந்தது, மறுபடி படிந்தது. இன்னொரு தடவை துடைத்தாள். பின்னால் இருப்பதும் தெளிவாக விழ, அந்த இரண்டு மூச்சில் லென்ஸின் திறப்பைச் சிறுசாக்கினாள். பின்னால் இருப்பதை மங்க வைக்கத்தான் எல்லோரும் இந்த லென்ஸைத் தேடி வாங்குவார்கள், இன்றைக்குப் பின்னால் இருப்பவள் மங்கவே கூடாது. வெளிச்சம் போதாது, படத்தில் புள்ளி விழும். விழுந்தால் விழட்டும் என்று நினைத்தாள்.

மேடையிலிருந்து வெங்கிடுசாமி அவளைத் தேடினார். கண்டுபிடித்தார். வா என்று கையைக் காட்டினார். அவள் அசையவில்லை. அவர் முகம் சிவந்தது. மேடையை விட்டு இறங்கி நேராக அவளை நோக்கி வந்தார். மாப்பிள்ளை கோகுல்நாத் தாலியைக் கையில் எடுத்தான், கெட்டிமேளம் முழங்கியது. வெங்கிடுசாமியின் தலை லென்ஸுக்கு நேரே வந்து பெண்ணையும் கதவையும் மறைத்தது.

"ஒதுங்குங்க," என்றாள் ராமாயி.

முன்னால் ஒரு 'ஏனுங்க' இல்லை, ஒரு 'ஐயா' இல்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்தத் திகைப்பிலேயே அவர் ஒதுங்கிவிட்டார்.

அவள் கண்ணாடியைத் துடைத்தாள், மூச்சைப் பிடித்தாள். கதவுப் படியில் குழந்தையம்மாள் நின்றிருந்தாள். அட்சதைத் தட்டு அந்தப் பக்கம் போகவே இல்லை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே மஞ்சளரிசி முடிந்து கொண்டுவந்திருக்கிறாள். இருபுறமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நாற்பதடி தூரத்திலிருந்து, நாலடிகூடப் போகாது என்று தெரிந்தே, கையை உயர்த்தி மகளை நோக்கி வீசினாள். ராமாயி மூன்று படம் எடுத்தாள். நாலாவதற்குள் கண்ணாடி மூடிக்கொண்டது. அவளுடைய கண்ணும் அப்போது சரியாகத் தெரியவில்லை, அதற்கு ஆவியைக் குற்றம் சொல்ல முடியாது.

பந்தி முடிந்ததும் வெங்கிடுசாமி வந்து நின்றார். கேமராவின் பின்பக்கம் படத்தைப் பார்த்தார். நாத்தனார் முடிச்சுப் போடக் குனிந்ததில் தாலியும் மாப்பிள்ளையின் பாதி முகமும் அவள் தோளுக்குப் பின்னால் போயிருந்தன.

"தாலி எங்க அம்மணி?"

"வீடியோவுல தெளிவா இருக்குதுங்க. போட்டோவுல மறைஞ்சு போச்சுங்க. என் தப்புதானுங்க."

அவர் மறுபடி படத்தைப் பார்த்தார். தம்பி மனைவியை அதில் கவனித்தாரா இல்லையா என்று ராமாயிக்குத் தெரியவில்லை. "இனி எங்க சொந்தத்துல ஒருத்தரும் உன்னையக் கூப்பிட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். நாலு கல்யாணமும் போயிற்று. அவளுக்கு வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

மணப்பெண்ணிடம் காட்டுவதற்கு முன் ராமாயி பந்திக்கூடத்துக்குப் போனாள். குழந்தையம்மாள் மூலையில் தனியாக உட்கார்ந்து வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கேமராவைக் கையில் வாங்கி, கிட்டே வைத்துப் பார்த்தாள். படத்தில் மகள் தலை குனிந்திருந்தாள். அவளுக்கு ஒட்டினாற்போல, ஒரு கை எட்டும் தூரத்தில், அம்மா நின்றிருந்தாள். அவள் வீசிய அரிசி மகளின் தலைக்கு நேர் மேலே நின்றது.

குழந்தையம்மாளின் முகம் வெளிறிவிட்டது.

"நான் கதவுகிட்டத்தான சாமி நின்னேன்? இவ்ளோ கிட்டவா வந்துட்டேன்?"

"இல்லீங்கம்மா. நீங்க நின்ன எடத்துலயேதான் நின்னீங்க. நான்தான் பின்னாடி போய் எடுத்தேன். அந்த லென்ஸு அப்படிக் காட்டுமுங்க."

குழந்தையம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அத யாருகிட்டயும் சொல்லீராத கண்ணு. கிட்டத்தான் நின்னேன்னு இருக்கட்டும்."