என் ரத்தக்குழாய்க்கு வந்த வியாதி

உத்திரமேரூர் பக்கம் எங்கள் கிராமத்துக்கு ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சிப் பிள்ளைகள் வந்தார்கள். கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டை கொண்டுவந்திருந்தார்கள். மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், நாடித்துடிப்பை வைத்தே ரத்தக்குழாய் விறைத்துப்போயிருக்கிறதா என்று சொல்லிவிடுமாம். "யார் கட்டிக்கிறீங்க?" என்றதும் முதலில் எழுந்தவன் நான்தான். ஆராய்ச்சிமேல் ஆசையில்லை. பட்டை பார்க்க அழகாக இருந்தது.

டீக்கடையில் அது எல்லார் கண்ணிலும் படவேண்டுமே என்று கிளாஸை இடது கையிலேயே பிடித்துக் குடித்தேன். ஆனால் நான் கொத்தனார். சிமென்ட் பட்டு வீணாகிவிடும் என்று காலையில் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் ஊரைச் சுற்ற மட்டும் கட்டிக்கொள்வேன்.

சில வாரம் கழித்து அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், உங்க ரத்தக்குழாய் விறைப்பா காட்டுது. பயப்படாதீங்க, ஆஸ்பத்திரியில பிரஷர் பாத்துடுங்க."

பயப்படாதீங்க என்றதுமே சாரத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். தாமலில் இருந்து அக்கா ஆப்பிள் பையோடு அழுதுகொண்டே வந்தாள். மாட்டை யார் வைத்துக்கொள்ளவேண்டும் என்பதுவரை மெல்லிய குரலில் அவளிடம் சொல்லிமுடித்தேன்.

மறுநாள் மனைவி என்னைத் தாங்கிப்பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். நர்ஸ் இரண்டு முறை பார்த்தார்.

"ஒண்ணும் இல்லியே, நல்லாத்தானே கீறீங்க?"

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. பட்டையைக் காட்டி, கல்லூரிப் பெண் சொன்னதைச் சொல்லி, "மிஷினு பொய் சொல்லுமா?" என்றேன்.

"அத எந்நேரமும் நீங்கதானே கட்டிக்கினு இருந்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "இவரு கயட்டி குடுத்துட்டு வேலைக்குப் பூடுவாரு. எங்கனா வச்சி தொலைஞ்சா பேஜாருன்னு, நான்தான் கையில மாட்டிக்கினு நூறு நாள் ஏரி வேலைக்குப் போவேன்."

நர்ஸ் அவளை உட்காரவைத்துப் பிரஷர் பார்த்தார். முகம் மாறியது. டாக்டரைக் கூப்பிட்டார்.

"தலை சுத்துமாம்மா?" என்றார் டாக்டர்.

"ரொம்ப நாளா சுத்துது. வெயிலுன்னு நெனச்சிக்கினேன்."

ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் படுத்தபடியே அவள் வைத்த கஞ்சியில் உப்பில்லை என்று முனகியது ஞாபகம் வந்தது.

அவளுக்குப் பிரஷர் மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது தலைசுற்றல் இல்லை என்கிறாள். விஷயத்தைக் கேட்ட கல்லூரிப் பெண் சிரித்துவிட்டு, "அப்போ உங்க வீட்டம்மாவே கட்டிக்கட்டும் சார்" என்றாள்.

ஊரில் இன்னமும் என்னைத்தான் நிறுத்தி, "ஒடம்பு எப்டி கீது?" என்று கேட்கிறார்கள். "இப்ப தேவல" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.