வளையத்தில் அத்தானைக் கொன்ற கதை

புளியங்குளம் சந்தியில் வவுனியா பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அந்தக் கதை தோன்றியது. கல் ஏற்றிய டிப்பர் ஒன்று திரும்பிப் போக, அதன் தூசி பின்னேர வெயிலில் கலையாமல் சிவப்பாகத் தொங்கியது. ஒரு சிவப்பு நட்சத்திரம். அதைச் சுற்றி, உடைந்துபோன கிரகங்களின் கல் வளையங்கள். அவற்றுக்குள் அரிய கனிமம் தோண்டுகிற மனிதர்கள். பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்ச் சேருவதற்குள் வளையங்கள் மூன்றாகிவிட்டன!

தோண்டுகிற ஆட்களுக்கு எங்கே போவது? நெடுங்கேணியில் அக்காவின் கணவர், என் அத்தான், தலையில் மஞ்சள் துவாயைக் கட்டிக்கொண்டு கல்குவாரியில் துளை போடுகிறவர். சனிக்கிழமைகளில் கொப்பியோடு போய் அவர் முன்னால் குந்திவிடுவேன்.

“கல்லைச் சுத்தியலால மூண்டுதரம் தட்டுவன். சத்தம் பொள்ளலா வந்தா உள்ளுக்க வெடிப்பு. கிட்டப் போகமாட்டன்” என்றார்.

“அங்க காத்தில்லை அத்தான். சத்தம் கேக்காது.”

“அப்ப உன்ர ஆக்கள் என்னத்தை நம்பித் தட்டுறது? விசர்க் கிரகம்!”

குசினிக்குள்ளிருந்து அக்கா சிரித்தாள்.

கதைக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது. தலையில் மஞ்சள் துவாய் கட்டிய ஒருவர் மூன்றுதரம் தட்டினார், ஒன்றும் கேட்கவில்லை, பாறை பிளந்தது. வளாகச் சஞ்சிகையில் வந்ததும் நானே கொண்டுபோய் அக்காவின் கையில் கொடுத்தேன்.

நின்றபடியே வாசித்து முடித்தாள். “இது இவர்தானே?”

“கதைதானே அக்கா.”

“கதையெண்டா வேற ஆளைச் சாக்காட்டியிருக்கலாமே.”

அத்தான் மட்டும் சிரித்தார். “நட்சத்திரத்தில எல்லோ செத்திருக்கிறன், விடுமப்பா.”

அக்கா விடவில்லை. “இவ்வளவு வருசமும் அதை நினைக்காமல் இருந்தனான். நீ படம் மாதிரிக் காட்டிப்போட்டாய்.”

“திருத்தி எழுதுறன்.”

“வாசிச்சிட்டனேயடி.”

அன்றிலிருந்து மத்தியானத்தில் குவாரிக்குப் போன் எடுக்கிறாள். மெசின் இரைச்சலில் அவருக்குக் கேட்பதில்லை. அவர் திருப்பி எடுக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. அத்தானும் இப்போது என்னிடம் வேலைக் கதை சொல்வதில்லை. “கொக்காவுக்குக் கேக்கும்” என்று அக்கா நிற்கிற குசினிப் பக்கம் கண்ணைக் காட்டுகிறார். அந்தக் கொப்பியை நான் திறந்தே கனநாள்.

என்னத்தை நம்பித் தட்டுறது என்று அத்தான் அன்று கேட்ட கேள்விக்கு நான் பதில் தேடவேயில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. காற்றில்லாவிட்டாலும் கல்லின் அதிர்வு சுத்தியல் பிடித்த கைக்குள் வரும். புதுக் கதையில் மஞ்சள் துவாய்க்காரர் தட்டுவார், கைக்கு ஏதோ பிழையாகப் படும், பின்வாங்குவார், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிச் சோறு கேட்பார். ஒன்றுமே நடக்காத ஒரு கதை. அச்சுக்குக் கொடுக்கமாட்டேன். ஒரு மத்தியானம் அக்காவின் குசினியில் நின்று, அத்தானின் போன் வரும்வரை, அவளுக்கு வாசித்துக் காட்டிப் பார்க்கப் போகிறேன்.