மாத்திரைக்காரி தேய்த்த வண்டி

ஓடிப்போய்விட்டாளாம்! மாடி வீட்டுக்காரி சொல்கிறாள். அவளுக்குக் கண் எப்போதும் ஜன்னலில், வாய் எப்போதும் தெருவில். என் மருமகள் இன்று காலை பெரிய பையோடு வாசலைத் தாண்டிப் போனது உண்மை. முற்றத்தில் கார் இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, காரை விற்றுவிட்டு மாமியாரைத் தவிக்க விட்டுப் போய்விட்டாள் என்று மத்தியானத்துக்குள் கதை கட்டினால் நான் கேட்டுக்கொண்டு இருப்பேனா? எனக்கு எழுதத் தெரியாது, பேசத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஒரு வார்த்தையை முழுங்கினாலும் காதைத் திருகுவேன்.

பதினான்கு வருடம் அவளுக்கு மாத்திரை கம்பெனியில் வேலை. வரிசையாக வரும் மாத்திரை அட்டையைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவாள். பத்துக் குழியில் ஒன்று காலியாக இருந்தாலும் விரல் அங்கேயே நின்றுவிடும். கண் எங்கேயோ இருக்கும், வாய் பக்கத்து இருக்கைக்காரியோடு சிரித்துக்கொண்டிருக்கும், விரல் மட்டும் ஏமாறாது. தெருவில் மாத்திரைக்காரி என்றுதான் பெயர். அப்புறம் அந்த வேலைக்கு மெஷின் வந்தது. இவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் எழுந்து போய், என் வீட்டுக்காரர் விட்டுப்போன பழைய காரின் மேலிருந்த துணியை உருவி எறிந்தாள். எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை, வாரம் ஒரு தடவை அவளே ஓட்டுவாள். மேல் தகரம்தான் பார்க்கச் சகிக்காது. ஒரு கதவு நீலம், மற்றதெல்லாம் வெள்ளையாக இருந்து பழுத்த நிறம், கீழ் விளிம்பெல்லாம் துரு.

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில், சொந்தக் காரோடு வந்து சொல்லித்தர ஆள் வேண்டுமாம். அதை நடத்துகிற அம்மா முன்பு பஸ் ஓட்டியவர். இவள் ஓட்டுவதைப் பார்த்துத் தலையாட்டினார். காரைப் பார்த்ததும் ஆட்டிய தலை நின்றுவிட்டது.

"நல்லாத்தாம்மா ஓட்டுற. ஆனா இதுல ஏறச் சொன்னா கத்துக்க வர்றவ அப்பிடியே திரும்பி ஓடிடுவா. அடுத்த திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள ஒரே கலர்ல கொண்டா. கை வெச்சா வழுக்கணும். இல்லன்னா இன்னொருத்தி வரிசைல நிக்கிறா."

கையில் ஒன்பது நாள். பெயிண்டரிடம் ஓடினாள். "தேய்ச்சு, பட்டி போட்டு, பிரைமர் வரைக்கும் நீங்களே முடிச்சுடுங்க. சனிக்கிழமை காலைல கொண்டாந்தா கலர் அடிச்சுத் தரேன். அன்னைக்கு விட்டா ரெண்டு வாரம் எனக்கு நேரமில்ல," என்றார்.

லாரியோடு வெளியூரில் இருந்த என் மகனுக்குப் போன் போட்டாள். "அத இரும்புக் கடைல போடு," என்றான்.

"போடறேன். உங்களுக்கும் அதே வயசுதான், கூடவே ஏறிக்கோங்க!"

போனை வைத்துவிட்டு நேராக முற்றத்துக்குப் போனாள்.

அடேயப்பா, அந்த ஒரு வாரமும் வீடு வீடாகவா இருந்தது! விளக்கு, பம்பர், கைப்பிடி எல்லாம் கழன்று கூடத்துக்கு வந்துவிட்டன. சாப்பிடுகிற மேஜையில் பக்கத்துக் கண்ணாடி கிடந்தது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, பளபளவென்று தகரம் தெரிகிற வரைக்கும் விடவில்லை. பள்ளத்தில் பூசுகிற பட்டியை முதல் நாள் ஒரு கிண்ணம் நிறையக் குழைத்துவிட்டாள். பாதி பூசுவதற்குள் மீதி கல்லாகிவிட்டது. கரண்டி இன்னமும் அதற்குள்தான் நிற்கிறது. அப்புறம் நெல்லிக்காய் அளவுக்குக் குழைப்பாள், பூசுவாள், மறுபடி குழைப்பாள். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்ப்பாள். முதலில் சொரசொரப்பான தாள், அப்புறம் நைசு, கடைசியில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற தாள். புருவமெல்லாம் வெள்ளைத் தூள்.

ஆனால் விஷயம் தேய்ப்பதில் இல்லை. கையில் பழைய காலுறையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தகரத்தைத் தடவிக்கொண்டே போவாள். சட்டென்று நிற்பாள். அங்கே பென்சிலால் ஒரு வட்டம். நான் மூக்குக்கண்ணாடியோடு குனிந்து பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியாது. "இங்க ஒரு குழி காலி, அத்தை," என்பாள். கம்பெனி துரத்திய விரல், முற்றத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது!

மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன, காருக்கு அம்மை போட்டிருக்கா?"

"ஆமாக்கா, ஒட்டிக்கும். ஜன்னல சாத்திக்குங்க!"

வெள்ளிக்கிழமை காலை வட்டம் ஒன்றுகூட மிச்சமில்லை. கண்ணாடிகளுக்குச் செய்தித்தாளை ஒட்டி, தின்னரில் நனைத்த துணியால் கடைசித் தடவையாகத் துடைத்துவிட்டு, கலருக்கு அடியில் பூசுகிற பிரைமர் டப்பாவை எடுக்க உள்ளே போனாள். பொறுத்திருக்க முடியாமல் நான் வெளியே வந்தேன். முன்பு நீலமாக இருந்த அந்தக் கதவு! குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. ஒரே ஒரு தடவை தடவிக்கொடுத்தேன்.

அப்போதுதான் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்திருந்தேன்.

அவள் வந்து பிரைமரை அடித்தாள். எங்கும் சாம்பல் நிறம் ஒழுங்காகப் படிந்தது. அந்தக் கதவில் மட்டும் படியாமல் விலகி, விலகி, ஐந்து விரலும் உள்ளங்கையுமாக ஒரு முழுக் கை எழுந்து நின்றது.

"என் கைன்னு எப்பிடிச் சொல்ற?" என்று கேட்டேன்.

என் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "சுண்டுவிரல் கோணல் வரைக்கும் ஒத்துப்போகுது, அத்தை."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கதவைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. ஒரு வார உழைப்பு, விடிந்தால் சனிக்கிழமை. "காய விடணும். மறுபடி தகரம் வரைக்கும் தேய்க்கணும்," என்றாள். என் கையில் சோப்பைத் திணித்தாள். மூன்று தடவை கழுவினேன். மூன்று தடவையும் முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பினாள். நாலாவது தடவைதான் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது. நான் ஊற்ற, அவள் தேய்க்க, என் கை கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது. வெயில் சுவர் ஏறுவதற்குள் இரண்டாவது பிரைமர் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். படிந்தது! படிந்தேவிட்டது!

திங்கட்கிழமை அடர் நீலத்தில் போய் நின்றது கார். அந்தப் பஸ் அம்மா சுற்றி வந்து, அதே கதவில் கையை வைத்து இழுத்தாராம். வழுக்கியதாம்.

"எந்த ஷெட்ல பண்ணுன?"

"எங்க வீட்டு முற்றத்துலம்மா."

"நம்ம பழைய வண்டி ரெண்டு இருக்கு. அப்புறம் பேசுவோம். புதன்கிழமை காலைல வந்துடு."

காரை அங்கேயே கூரைக்கடியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். நம் முற்றத்து மரத்தில் காக்கை கொஞ்சமா இருக்கிறது? கார் இல்லாத கதை இதுதான். பைக்குள் என்ன தெரியுமா? இரண்டு தலையணை. குள்ளமாக வருகிறவளுக்கு முதுகில் ஒன்று, அடியில் ஒன்று.

இன்று காலை செருப்பை மாட்டினாள். நகக் கண்ணில் இன்னமும் சாம்பல் நிறம்.

"போயிட்டு வரேன் அத்தை. வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, வாசலைத் தாண்டினாள்.